கபடி வீட்டில்தான் இருக்கிறது

அந்த ஊரில் நாய் காணாமல் போவது நின்றுபோய் மூன்று வருடம் ஆகியிருந்தது. நின்றுபோனது என்றால் குறைந்துபோனது என்று அர்த்தமில்லை. இனி நடக்கவே வழியில்லை என்று மேடை போட்டு, மாலை மரியாதையோடு அறிவித்திருந்தார்கள். ஆகவே பகவதி டீச்சர் தன் நாயைக் காணவில்லை என்று வண்ணார்பேட்டையில் இருந்த 'கூடு' நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போய் நின்றபோது, கவுண்டரில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"காணாமப் போக முடியாது மேம். காதுக்குப் பின்னாடி சிப் இருக்குல்ல? இதோ பாருங்க, பச்சை. உங்க நாய் வீட்லதான் இருக்கு."

"வீட்ல இருந்துதான் நேரா வாரேன். நான் இருந்தேன், என் வீட்டுக்காரர் இருந்தார். நாய் மட்டும்தான் இல்ல."

"கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா?"

பகவதிக்குச் சுர்ரென்று ஏறியது. "அது நாய்ம்மா, செருப்பு இல்ல. முந்தாநாள் சுவர் ஏறிக் குதிச்சுப் போனதை எதுத்த வீட்டுக்காரங்க பாத்திருக்காங்க. புகாரை எழுது."

"எழுத முடியாது மேம். பச்சையா இருந்தா புகார்ப் பக்கமே திறக்காது. சிவப்பானாத்தான் திறக்கும். அது இதுவரைக்கும் ஆனதே இல்ல." அந்தப் பெண் இதைப் பெருமையாகவே சொன்னாள்.

பகவதி பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. அவள் குரலுக்கு மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் பிள்ளையும் நிமிர்ந்து நிற்கும். நாயின் பெயர் கபடி. ஒரு போட்டியின் நடுவில் எங்கிருந்தோ ஓடிவந்து, ரெய்டு வந்த எதிரணிப் பெண்ணின் காலுறையைக் கவ்வி இழுத்து நிறுத்திய தெருக்குட்டி அது. நடுவர் அதற்குப் புள்ளி தர மறுத்துவிட்டார். பகவதி குட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடம் அதற்குத்தான். இந்த இரண்டு நாளாக "கபடி, கபடி, கபடி" என்று கூப்பிட்டுக்கொண்டே தெருத்தெருவாக ஓடியவளை, டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பார்த்து வழி விட்டவர்களும் உண்டு.

"சரி, எந்த வீட்ல இருக்குன்னு காட்டுது? அட்ரஸை வாசி."

அந்தப் பெண் வாசித்தாள். பேட்டை என்று முடிந்தது.

பேட்டையில் இருப்பது அவர்கள் புதிதாகக் கட்டிய வீடு. இன்னும் குடி போகவில்லை. ஆடியில் வீடு மாறக் கூடாது என்பதால், ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் போய்ப் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, சாமான்களை ஆவணியில் ஏற்றுவதாக ஏற்பாடு. கணவன் ஆவுடையப்பன் இந்த விஷயத்தில் கெட்டி. பல்லி விழுந்தால்கூட நேரம் பார்த்துத்தான் எழுந்திருப்பான்.

போனில் பிடித்தாள். "ஏங்க, கூடு ஆப்ல நாயோட அட்ரஸை மாத்துனீயளா?"

"மாத்துனேனே. பால் காய்ச்சுன அன்னைக்கே, நல்ல நேரம் முடியுறதுக்குள்ள எல்லாத்தையும் மாத்திட்டேன். கேஸு, பேங்க்கு, நாயி. ஒரே மூச்சுல. ஏன்?"

"நாம அங்க போறது ஆவணியிலல்லா?"

"பால் காய்ச்சியாச்சுல்லா பகவதி? சாஸ்திரப்படி அன்னைக்கே குடி போன கணக்குதான்."

சாஸ்திரப்படி குடி போனது நாய் மட்டும்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போன வாரம் முழுவதும் கபடி சோறு தின்னாமல், வாசல் கேட்டைப் பிராண்டிப் பிராண்டி அழுதது. வயிற்று வலி என்று அவள் ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள்.

பேட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் தாண்டி, டவுனைத் தாண்டி, வண்டியில் போகவே அலுத்துப்போகும் தூரம். அவள் போய்ச் சேர்ந்தபோது கபடி பூட்டிய கேட்டுக்கு முன்னால் சுருண்டு கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது. நான்கு பாதமும் ரணம். அவளைக் கண்டதும் வால் ஆடியது. அவள் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு, நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதாள்.

"உங்க நாயா டீச்சர்?" பக்கத்து வீட்டு மைமூன் கையில் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். அவள் வீட்டு வாசல் முழுக்கக் கோழிகள். "ரெண்டு நாளா இந்த இடத்தை விட்டு நவுரல. நான்தான் கஞ்சித்தண்ணி வெச்சேன். வீட்டுக்குள்ள கூப்பிட்டா வரமாட்டேங்குது."

"வந்துருவான்க்கா. என் கூட வந்துருவான்." பகவதி அதைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்தாள். தெருமுனை வரைக்கும்தான். முனை திரும்பியதும் கபடி நடுங்க ஆரம்பித்தது. ஊளையிட்டது. குதிக்கப் பார்த்தது. அவள் ஒரு கையால் இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் அது கடித்தது.

குட்டியாக இருந்தபோதுகூட அவள் மேல் பல் பதித்ததில்லை. முன்கையில் ரத்தம் வழிய அவள் பிடியை விட்டாள். கபடி நொண்டிக்கொண்டே ஓடி, பூட்டிய கேட்டின் முன்னால் படுத்து, பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

கால்நடை மருத்துவர் செல்வின் அவளுக்குப் பழக்கம். கூப்பிட்டதும் வந்து, நாயின் பாதத்துக்கு மருந்து வைத்தார். அவள் கையைப் பார்த்துவிட்டு, ஊசி போட மனுஷ டாக்டரிடம் போகச் சொன்னார்.

"என்னையவே கடிச்சிட்டான் டாக்டர். என்ன செய்யுது அந்த சிப்பு?"

செல்வின் கேட்டின் மேல் சாய்ந்துகொண்டார். "முந்தி வந்த கழுத்துப் பட்டை ஷாக் அடிக்கும். பாவம், கொடுமைன்னு எல்லாரும் கொடி பிடிச்சாங்க. சரி, ஷாக் வேண்டாம்னு இதைக் கொண்டாந்தாங்க. வீட்டை விட்டு விலகினா அடிவயித்துல ஒரு கலக்கம். வீட்டுப் பக்கம் திரும்பினா லேசாகும். வந்து சேந்துட்டா அப்படி ஒரு நிம்மதி. வலி கிடையாது, சத்தம் கிடையாது. எங்க விட்டாலும் தானா நடந்து வந்துரும்; அதுவரைக்கும் மஞ்சள் காட்டும், வந்துட்டா பச்சை."

"அது எந்த வீடுன்னு யாரு சொல்லுதா?"

"நீங்க ஆப்ல போட்ட அட்ரஸ்தான்."

"அப்போ அந்த வீட்ல நான் இருக்கணும்னு கிடையாதா?"

"நீங்க அதுல கணக்கே இல்ல டீச்சர்," என்றார் செல்வின். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாக இருந்தது.

முகவரியைத் திருப்பி மாற்றலாமா என்று கேட்டால், ஒரு தடவை மாற்றினால் மூன்று மாதத்துக்கு மாற்ற முடியாது என்றார்கள் சேவை மையத்தில். நாய் திருடர்கள் மாற்றிவிடக் கூடாதாம். பாதுகாப்புக்காம். சிப்பை எடுத்துவிடலாமா என்றால், சிப் இல்லாத நாய் தெருநாய். தனியாகத் திரிந்தால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்படிப் போன நாய் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

பகவதி அன்றைக்கே ஒரு பாய், ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம் எடுத்துக்கொண்டு பேட்டை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஆடியில போய் யாராவது குடி போவாவளா?" ஆவுடையப்பன் வாசலிலேயே நின்று புலம்பினான். "எங்க அக்கா கேட்டா என்னத்தச் சொல்ல?"

"நாய் முன்னாடியே போயாச்சுன்னு சொல்லுங்க. அதுக்கு நேரம் குறிச்சுக் குடுத்தது நீங்கதான?"

இரண்டு நாள் கழித்துத் தன் தலையணையை எடுத்துக்கொண்டு அவனும் வந்து சேர்ந்தான்.

கபடி தேறியது. வயிறு நிறையத் தின்றது, கூடத்து வாசல்படியில் படுத்துத் தூங்கியது. ஆனால் காலையில் மைதானத்துக்குக் கூப்பிட்டால் தெருமுனையிலேயே கால் பின்னிக்கொள்ளும். முன்பெல்லாம் பழைய வீட்டை ஒட்டியே இருந்த பள்ளி மைதானத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து வளைய வளைய ஓடி, அவர்கள் களைத்த பிறகும் களைக்காத நாய் அது. இப்போது வாசல்படி போதும் என்று ஆகிவிட்டது. இதுவும் நல்லதுக்குத்தானே, இனி எங்கும் ஓடிப் போய்விடாது என்று ஆவுடையப்பன் சொன்னான்.

ஒரு தேர்வுப் போட்டிக்காக அவள் மதுரைக்குப் போக வேண்டி வந்தது. ஆவுடையப்பனுக்கும் வெளியூர் வேலை; கபடியை மைமூன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. இரண்டு நாள் கழித்துப் பதறிப்போய் ஓடிவந்தாள். கபடி படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தது. வாலை இரண்டு தரம் தரையில் தட்டியது. மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது.

"அழுதானாக்கா? என்னையத் தேடுனானா?"

"இல்ல டீச்சர். நல்லாச் சாப்பிட்டு, நிம்மதியாக் கிடந்தான்," என்றாள் மைமூன், சந்தோஷமான சேதி சொல்லுவதாக நினைத்துக்கொண்டு.

குளியலறைக் கதவைச் சாத்தினாலே வெளியே உட்கார்ந்து முனகுகிற நாய். காணாமல் போயிருந்தால்கூட எங்கேயோ ஓரிடத்தில் தன்னை நினைத்துக்கொண்டு அலைகிறது என்று இருந்திருக்கும். இது கண் முன்னாலேயே படுத்திருக்கிறது, தொலைந்துபோய்விட்டது. அதற்கு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஆள் யாரும் வேண்டியதில்லை. அதைத் தொலைத்தவர்கள் பச்சை விளக்கைக் காட்டிப் பத்திரம் என்கிறார்கள்.

அவள் செல்வினுக்குப் போன் போட்டாள். "அந்தச் சனியனை வெட்டி எடுங்க."

"டீச்சர், எனக்கு லைசென்ஸ் போயிரும்."

"நீங்க எடுக்கலன்னா சவரக் கத்தியால நானே எடுப்பேன். பழகுன கை உங்களோடது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் பெட்டியோடு வந்துவிட்டார். மயக்க ஊசி போட்டு, காதுக்குப் பின்னால் சின்னதாகக் கீறினார். அரிசி மணி அளவில் ஒரு சிப் வெளியே வந்தது. இடுக்கியில் பிடித்தபடி, "இது இப்ப ஆறிப்போயிரும். உடம்புச் சூடு இல்லன்னா கொஞ்ச நேரத்துல சிவப்பு. வண்டி வாசல்ல வந்து நிக்கும். இதை எங்க வெக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

பகவதி கொல்லைக் கதவைத் திறந்தாள். கூடையில் வைக்கோல் பரப்பி, பத்துப் பன்னிரண்டு முட்டைமேல் மைமூனிடம் கேட்டு வாங்கிவைத்த அடைக்கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது. கிட்டே போனதும் சிலிர்த்துக்கொண்டு முறைத்தது.

செல்வின் சிரித்த சிரிப்பில் நாய்க்கு மயக்கம் தெளிந்துவிடும்போல் இருந்தது. "கோழிக்கு நாயை விடச் சூடு அதிகம் டீச்சர். காய்ச்சல்னு கூடுக்காரன் போன் பண்ணுவான்." அந்தச் சூடு முழுதாகத் தெரியாமல் இருக்க, சிப்பைத் துணியில் இரண்டு சுற்று சுற்றி, கோழியின் இறக்கைக்கு அடியில் பதமாகக் கட்டினார். "நரம்பைத் தொடாது. கோழிக்கு ஒண்ணும் செய்யாது."

"செய்தாலும் என்ன? அடைக்கோழிக்கு வீட்டு நினைப்பை எவனும் ஊட்டிவிட வேண்டாம்."

கிளம்பும்போது செல்வின் கேட்டருகே நின்று சொன்னார்: "இனிமே இவன் காணாமப் போகலாம் டீச்சர். நிஜமாவே."

"போகட்டும். போக முடியுற நாய் என் பின்னால வந்தாத்தான் அது என் நாய்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மறுநாள் காலையில் ஸ்கூட்டரை வெளியே எடுத்தபோது கபடியை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். கேட்டை விரியத் திறந்து வைத்தாள். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டாள், ஊதவில்லை. கபடி படியிறங்கி வந்தது. தெருவில் கொஞ்ச தூரம் நடந்தது. எப்போதும் நடுக்கம் ஆரம்பிக்கும் முனையில் நின்று, திரும்பி வீட்டைப் பார்த்தது. அப்புறம் அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு ஓடிவந்து ஒரே தாவலாக ஸ்கூட்டரில் ஏறி, அவள் காலுக்கு நடுவில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

ஆற்றுப் பாலம் முழுவதும் அவள் மூச்சுப் பிடித்து "கபடி கபடி கபடி" என்று கத்திக்கொண்டே வண்டியை ஓட்டினாள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

அவள் வெறும் வீம்புக்காரி இல்லை. காணாமல் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதையும் செய்தாள். கழுத்துப் பட்டையில் பித்தளைத் தகடு அடித்து, பெயரும் போன் நம்பரும் பொறித்தாள். சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு பேட்டைத் தெருக்களில் நடந்து, டீக்கடை, சைக்கிள் கடை, மீன் விற்கிற பெண், பள்ளிவாசல் முன்னால் அத்தர் விற்கிறவர் என்று ஒருவர் விடாமல் அறிமுகம் செய்தாள். "இவன் பேரு கபடி. அந்தப் பச்சைக் கேட் வீடு. தனியாத் திரிஞ்சா பிடிச்சு வெச்சுட்டு எனக்கு ஒரு போன் அடிங்க. வண்டிக்காரன் வந்தா ஒளிச்சு வையுங்க." ஒரு வாரத்தில் பேட்டையில் பகவதியைத் தெரியாதவர்களுக்கும் கபடியைத் தெரிந்திருந்தது. கூடு நிறுவனத்தில் இருந்து வாழ்த்துச் செய்தி ஒன்று வந்தது: உங்கள் செல்லம் இந்த மாதம் மிகவும் அமைதியாக இருக்கிறது.

இதோடு விட்டிருப்பார்கள் என்று நினைத்தால் அது நம் தப்பு. அடுத்த வாரம் பள்ளியில் தாளாளர் அருமைநாயகம் ஆசிரியர்களைக் கூட்டினார். விடுதிப் பெண் தங்கபுஷ்பம், கபடி அணியின் முதல் ரெய்டர், சுவர் ஏறிக் குதித்துத் தன் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டு மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பி வந்திருந்தாள். நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, மன்னிப்பும் கேட்டுவிட்டாள். அதற்குப் பரிகாரம்தான் கூட்டம்.

கூடு நிறுவனத்திலிருந்து லிங்கேஷ் என்ற இளைஞன் வந்திருந்தான். மேசைமேல் அழகான கைப்பட்டைகளைப் பரப்பினான். "ஊசி கிடையாது, வலி கிடையாது. மணிக்கட்டு நரம்பு வழியா வேலை செய்யும். வெளிய போகக் கூடாதுன்னு யாரும் அதட்ட வேண்டாம். அவங்களுக்கே போகத் தோணாது. ஒரு பிள்ளை காணாமப் போச்சுங்கற பேச்சே இருக்காது."

பகவதி எழுந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் கபடி நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்திருந்தது.

"நீங்க பகவதி டீச்சர்தானே?" லிங்கேஷ் உற்சாகமாகத் தன் திரையைத் தட்டினான். "உங்க நாய் எங்ககிட்டதான் இருக்கு. பாருங்க, பச்சை. வீட்ல அப்படியே அசையாம உக்காந்திருக்கு."

"ஆமா சார். இந்தக் கையைப் பாருங்க. உங்க பச்சையில இருந்து அதைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போகப் பாத்தப்ப என் நாய் என்னையக் கடிச்ச தழும்பு இது. ரெண்டு நாள் நான் ஊர்ல இல்ல, அது என்னையத் தேடவே இல்ல. நாளைக்கு இந்தப் பிள்ளையளைப் பாக்க அவங்க அம்மா பஸ் ஏறி வருவா. பிள்ளை படுத்த இடத்துல இருந்து தலையைத் தூக்கிப் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கும். அன்னைக்கு அந்த அம்மாகிட்ட, உன் பிள்ளை பத்திரமா இருக்குன்னு நீங்க சொல்லுவீங்க. காணாமப் போனதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியல சார்."

"அப்படியெல்லாம் ஆகாது டீச்சர்," என்றான் லிங்கேஷ். "உடன்குடியில எங்க அம்மா கையிலயே ஒண்ணு கட்டியிருக்கேன். சொல்லாமக் கொள்ளாம அக்கா வீடு, கோயில்னு கிளம்பிருவாங்க. இப்ப ரொம்ப நிம்மதியா இருக்காங்க."

"உங்களத் தேடுறாங்களா?"

அவன் கைப்பட்டைகளை அடுக்கத் தொடங்கினான்.

தாளாளர் தொண்டையைச் செருமினார். "உணர்ச்சிவசப்பட வேண்டாம் டீச்சர். முதல்ல கபடி டீம் பன்னிரண்டு பேருக்கும் கட்டுங்க. அவங்கதான் அதிகமா வெளிய போறாங்க. அடுத்த வார வெள்ளிக்கிழமைத் தென்காசிப் போட்டியும் வேண்டாம். இந்த வருஷம் ரெஸ்ட் எடுக்கட்டும். முடியாதுன்னா எழுதிக் குடுத்துட்டுப் போயிரலாம்."

டீச்சர் வெடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டும் விடுதியில பச்சை காட்டணும். அவ்வளவுதான சார்?"

"அவ்வளவுதான்."

"காட்டும்," என்றாள் பகவதி.

அவள் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போன் செய்து, தென்காசிக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டாள். ஒரு தகப்பன்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்கபுஷ்பத்தின் அம்மா, "ஜெயிக்காம வந்தா வீட்டுக்கு வராதன்னு சொல்லுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் மைமூன் மூன்று கூடைகளோடு ஆட்டோவில் வந்து விடுதியின் பின்வாசலில் இறங்கினாள்.

தென்காசி மைதானத்தில் அரையிறுதி நடந்துகொண்டிருந்தபோது பகவதியின் போன் அடித்தது. லிங்கேஷ்.

"டீச்சர், பன்னிரண்டும் பச்சை. ஒருத்தரும் விடுதியை விட்டு நகரல. தாளாளர் சார் பக்கத்துல இருந்து பாத்துட்டு, ரொம்ப சந்தோஷமாப் போறார்."

"நல்லது சார்."

"எல்லாரும் சமையல்கட்டுப் பின்னாடியே சுத்திக்கிட்டு இருக்காங்க."

"வளருத பிள்ளைங்கல்லா. பசிக்கும்."

அந்த நேரம் பார்த்து நடுவர் எதிரணிக்குப் புள்ளி கொடுக்க, கபடி கோட்டோரத்தில் நின்று காது கிழியக் குரைத்தது.

"நாய் குரைக்குதே டீச்சர். நீங்க எங்க இருக்கீங்க?"

"எந்த நாய் சார்? என் நாய் வீட்லதான் இருக்கு. நீங்களே பாருங்க. பச்சை."

அவன் குரல் தணிந்தது. "பன்னிரண்டு பேருக்கும் நாப்பத்தோரு டிகிரி காட்டுது. மனுஷப் பிள்ளைங்களுக்கு அந்தச் சூடு வந்தா எந்திரிச்சு நடக்க முடியாது. நான் கால்நடை படிச்சவன் டீச்சர். அது கோழி."

துணி! செல்வின் இரண்டு சுற்று சுற்றிய துணி. அவசரத்தில் பன்னிரண்டுக்கும் சுற்ற மறந்துவிட்டாள். ஆனால் அவள் குரல் இறங்கவில்லை.

"ஆமா. கோழிதான். இப்பவே தாளாளர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. வேலை போனா போகட்டும். என் பிள்ளைங்க இங்க வேர்த்து விறுவிறுத்து ஓடிட்டு இருக்கு. ஒண்ணு கையில கூட உங்க பட்டை கிடையாது. திங்கக்கிழமையும் இருக்காது. அதையும் சேத்துச் சொல்லுங்க."

"சார் போயிட்டார் டீச்சர். நான் சொல்லல."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை உடன்குடிக்குப் போனேன். நீங்க கேட்டதுல இருந்து மனசே சரியில்ல. அதுக்கு முந்தி நான் போய் மூணு மாசம் ஆச்சு. அம்மா வாசல்ல உக்காந்திருந்தாங்க. முந்தியெல்லாம் ஒரு வாரம் போகலன்னா பஸ் பிடிச்சு என் ரூமுக்கே வந்து நின்னு திட்டுவாங்க. அன்னைக்கு, வந்தியான்னு மட்டும் கேட்டாங்க. ஏன் வரலன்னு கேக்கல. கிளம்பும்போது, எப்ப வருவேன்னும் கேக்கல." அவன் மூச்சு வாங்குவது கேட்டது. "டீச்சர், அந்தக் கோழி எங்க கிடைக்கும்?"

பகவதி விசிலை விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"பேட்டைக்கு வாங்க. பச்சைக் கேட் வீட்டுக்குப் பக்கத்துல மைமூனக்கான்னு கேளுங்க. அடைக்கோழியாப் பாத்து வாங்குங்க, அதுதான் உக்காந்த இடத்துல உக்காந்திருக்கும். மறக்காம ரெண்டு சுத்து துணி சுத்துங்க."

"அம்மா சொல்லாம எங்கயாவது கிளம்பிட்டாங்கன்னா?"

"போய்த் தேடுங்க," என்றாள் பகவதி. "பெத்த அம்மாவைத் தேடக்கூடவா கஷ்டம்?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். தங்கபுஷ்பம் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எதிரணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். கபடி, கபடி, கபடி என்று அவள் சொல்லச் சொல்ல, தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நாய் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. நடுவர் கத்தினார். பகவதி நாயைப் பிடிக்கப் போகவில்லை.